எருமைகள் தேடி வந்த ஏரி

எழுபதுகளில், மாம்பலத்துக்கு மேற்கே ஏரியைத் தூர்த்துப் போட்ட மனையில் நாங்கள் வீடு கட்டிக் குடியேறினோம். எங்களுக்குப் பால் ஊற்றியவர் பழைய ஏரிக்கரைக்காரர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி. வெயில் ஏறியதும் அவருடைய இரண்டு எருமைகளும் எங்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடும். அவர் பின்னாலேயே வந்து, அடிக்காமல், முதுகைத் தட்டிக் கூட்டிப் போவார்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "கட்டிப் போடக் கூடாதா? தெனமும் கேட்டை முட்டறதே!"

"இன்னாம்மா பண்றது? குளிக்க வருதுங்க. உங்க வீடு கீற எடத்துலதான் தண்ணி ஆழமா நிக்கும். எங்கப்பா காலத்துல இந்தத் தண்ணிலதான் எங்களுக்கு நெல்லு வெளஞ்சுது. மொதல்ல வயல்ல வீடு வந்துச்சு, அப்பால ஏரியிலயும் வந்துச்சு. எனக்குப் புரியுது, அதுங்களுக்குப் புரியலயே."

நான் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். ஒரு எருமையின் முதுகு நனைவதற்குள் தீர்ந்துவிட்டது.

அந்தக் கோடையிலேயே அவர் எருமைகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

"போரூர் பக்கம் ஏரி கீதும்மா. அங்கியும் மனைக்குக் கல்லு நட்டுக்கினு கீறாங்க."

"தெரிஞ்சுமா போறே?"

"அதுங்க உசுரோட கீற வரைக்கும் தண்ணி இருந்தாப் போதும்."

நான் உள்ளே போய் இன்னொரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து எருமைகளின் முதுகில் ஊற்றினேன்.