அக்காவின் நிக்காஹும் பாதாளச் சாக்கடையும்

அக்காவின் நிக்காஹ் அன்று எங்கள் தெருவுக்கு முதலில் வந்து சேர்ந்தது சாக்கடைத் தண்ணீர்தான். மாப்பிள்ளை வீட்டார் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது எட்டரைக்கே பந்தல் வாசலில் இருந்த இரும்பு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எது அடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்; பெரியத்தாவுக்கும் தெரியும். பெரியத்தா என்றால் என் அப்பாவின், அதாவது அத்தாவின், அண்ணன், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர். முந்தின நாள் விருந்துக்கு மூன்று கிடாய் அறுத்திருந்தார்கள். குடல் கழுவிய கழிவையும் அண்டாவில் உறைந்த கொழுப்பையும் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்ட யாருக்கும் நேரமில்லை. பெரியத்தா குளியலறைத் துளையின் சல்லடையைக் கழற்றி எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு, "சுடுதண்ணி ஊத்து கண்ணு, கரைஞ்சு ஓடிரும்" என்றார். நான் வாளி வாளியாக ஊற்றினேன். ஓடத்தான் செய்தது. தெருவுக்கு அடியில் போய்ச் சூடு ஆறினால் என்ன ஆகும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

சாக்கடை லைன் பார்க்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நரைத்த மீசை மேஸ்திரி. மற்றவர் அவருக்குக் கீழே வேலை செய்கிற ஒல்லியான மனிதர், முப்பது வயதிருக்கும். வந்ததும் மேஸ்திரி செய்த முதல் காரியம், ஓரத்து மழைநீர் வாய்க்காலின் வாயை மணல் மூட்டைகளால் அடைத்தது.

"அதுல உட்டா போயிருமேப்பா, அதை ஏன் அடைக்கறே?" என்றார் பெரியத்தா.

"அது நேரா ஏரிக்குப் போகுதுங்க பாய். கழிவு கலக்கக் கூடாதுங்க."

"ஏரி என்ன கல்யாணத்துக்கா வருது?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. அடைப்பெடுக்கும் மெஷின் லாரி வேறு பக்கம் வேலையில் இருக்கிறது, வர மத்தியானமாகும் என்றார். பெரியத்தா தள்ளிப் போய் யாருக்கோ போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியின் போன் அடித்தது. அவர் நாலு தடவை "சரிங்கய்யா" சொல்லிவிட்டு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"பாய், உள்ளதைச் சொல்லுங்க. லைன்ல என்ன போச்சு? கல்லு ஜல்லின்னா கம்பி போட்டுக் குத்த முடியாது, குழாய் ஒடைஞ்சிரும்."

"குளிச்ச தண்ணிதாம்ப்பா போச்சு. ரோடு போட்டவன் ஜல்லியைத் தள்ளியிருப்பான். ஆளை எறக்கிப் பாரு."

"ஆளை எறக்கக் கூடாதுன்னு சட்டமிருக்குங்க."

"ரெண்டு நிமிச வேலைக்குச் சட்டம் பேசறியே."

ஒல்லியானவர் சட்டையைக் கழற்றி மடித்து மூட்டை மேல் வைத்தார். மேஸ்திரி அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினார்; கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். அத்தா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஒல்லியானவர் பொங்கி நின்ற குழிக்குள் ஒரு காலை முழங்கால்வரை விட்டுப் படியைத் தேடியபோதுதான் என் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. இவர் இறங்கினால் குடலும் கையுமாக மேலே வருவார். அதே நேரம் மாப்பிள்ளையும் வந்து நிற்பார். நிக்காஹ் நின்றுபோகும், ஊற்றியது யாரென்று கேட்பார்கள். அதற்கு இப்போதே சொல்லிவிடலாம்.

"கொழுப்பு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கல்லில்ல மாமா, ஆட்டுக் கொழுப்பு. நாந்தான் சுடுதண்ணி ஊத்தினேன்."

பெரியத்தா என்னை முறைத்தார். மேஸ்திரி ஒரே இழுப்பில் அந்த மனிதரைக் கரைக்கு இழுத்துவிட்டார். "கொழுப்புன்னா மேல நின்னே எடுத்தர்லாம். அடுத்த மூடியைத் தொறடா" என்று கத்தினார். கீழ்ப்பக்கத்து மூடியைத் திறந்தார்கள். அங்கே தண்ணீரே இல்லை; அடைப்பு இரண்டுக்கும் நடுவில்தான். அந்த வழியாக நீளக் கம்பியை மேல்நோக்கிச் செலுத்திக் குத்தினார்கள். வெள்ளைக் கட்டிகள் பெயர்ந்து வந்தன. அவை மேலும் போய் அடைக்காதபடி வலை போட்டு அள்ளினார்கள். பொங்கிய தண்ணீரும் மெல்ல உள்வாங்கியது. பத்தே முக்காலுக்குத் தெருவைக் கழுவி, கம்பளத்தைத் திருப்பிப் போட்டு, அத்தர் தெளித்தாயிற்று. பதினோரு மணிக்கு வந்திறங்கிய மாப்பிள்ளையின் அத்தாவிடம் பெரியத்தா, "ஒரு போன் போட்டேன், முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னை அடிக்கக்கூட அவருக்கு நேரமில்லை.

அம்மா அந்த இரண்டு பேருக்கும் என்னிடம் டீ கொடுத்தனுப்பினாள். ஒல்லியானவர் நல்ல வெயிலில் உட்கார்ந்திருந்தார். டம்ளரை வாங்கியதும் கை ஆடி, பாதி டீ தொடையில் கொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி டம்ளரை வாங்கி அவர் வாயருகே பிடித்துக்கொண்டார்.

குளிர் காய்ச்சல் என்று நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவின் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை கொண்டுவந்து நீட்டினேன்.

"சாப்பிட்டுட்டுப் போடணும் மாமா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். நல்ல காரியம் செய்த நிறைவோடு நான் பந்தலுக்குள் ஓடினேன். அந்த வெயிலில் ஒரு மனிதருக்குக் காய்ச்சலைத் தவிர வேறு எதனால் கை நடுங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.