பனம்பாகு விற்ற கோடை

பாகு காய்ச்சுகிறவர்களுக்குக் கண் அடுப்பில் இருக்க வேண்டும், விற்கிறவர்களுக்குக் கண் பாட்டில் மூடியில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். வீட்டில் எதையாவது செய்து, பையில் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டின் மணியை அழுத்திவிட்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நீங்கள் நம்ம கட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சைதாப்பேட்டையில் குடியிருந்தோம். என் கணவர் வீட்டாருக்குத் திருப்போரூர் பக்கம் ஒரு பனந்தோப்பு இருந்தது. மாமனாரும் அவர் தம்பியும் மரம் ஏறிப் பதநீர் இறக்குவார்கள். மாமியார் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார். கட்டியாவதற்கு முன்னால் இருக்கிற பாகை அப்படியே பாட்டிலில் அடைத்துச் சென்னையில் விற்கலாமே என்பது என் யோசனை. கோடை முடிவதற்குள் ஒரு கடையாவது பிடித்துக் காட்டு, இல்லாவிட்டால் பழையபடி கருப்பட்டிதான் என்றார் மாமனார். சரி என்றேன்.

நுரை

தோப்பில் முதல் தடவை காய்ச்சிய அன்று விடியும்போதே பதநீர் வந்துவிட்டது. வெயில் ஏறினால் புளித்துவிடும். உடனே அடுப்பேற்ற வேண்டும். “நான் பாத்துக்கறேன் அத்தை, நீங்க உக்காருங்க” என்று மாமியாரிடமிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் சாதுவாக இருந்த பதநீர் திடீரென்று நுரைத்துக்கொண்டு எழுந்தது. கிளறக் கிளற இன்னும் உயர்ந்தது. விளிம்பைத் தொடும்போது அத்தை வந்து இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டார். நுரை பொசுக்கென்று அடங்கியது.

மத்தியானம் அது தேன் நிறத்துக்கு வந்தது. புகையும் இனிப்புமாய்க் கலந்து வந்த வாசனையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. கரண்டியிலிருந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நாக்கு சுட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது, மறுபடியும் தொட்டேன். அத்தை சொன்னார்: “இப்பிடியே ருசி பாத்துக்கினு இருந்தா மெட்ராசுக்கு வெறும் பாட்டில்தாம்மா போவும்!”

அடைக்குத் தொட்டுக்கொள்ள

மயிலாப்பூரில் நான் ஏறிய முதல் வீட்டில் ஒரு மாமி கதவைத் திறந்தார். “பனம்பாகு” என்று சொன்னதுதான் தாமதம், மாமி ஒரு எட்டு பின்னால் போனார். “பனமரத்துலேர்ந்தா? அது கள்ளுன்னா? எங்காத்துல அதெல்லாம் வாசப்படியே தாண்டாதும்மா.” சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கினால் பதநீர் கள்ளாகாது என்று நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். மாமி அசையவில்லை. ஆனால் உள்ளே அடுப்பில் அடை வெந்துகொண்டிருந்தது. “ஒரே ஒரு விள்ளல் தொட்டுப் பாருங்க மாமி. பிடிக்கலைன்னா இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்” என்றேன்.

பார்த்தார். ஒரு விள்ளல் ஓர் அடையாயிற்று. பிறகு கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இன்னும் ரெண்டு பாட்டில் வெச்சுட்டுப் போ. மாமா கேட்டா என்ன மரம்னு மட்டும் சொல்லிண்டிருக்காதே!”

பஸ்ஸில் வெடி

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த தடவை அவசரப்பட்டுவிட்டேன். கொஞ்சம் இளகலாக இருந்தால் ஊற்ற வசதியாக இருக்குமே என்று பாகைச் சீக்கிரமே இறக்கிவிட்டேன். அடையாறு போகும் பஸ்ஸில், நல்ல கூட்டத்தில், என் மடியிலிருந்த பையில் ‘டப்’பென்று ஒரு சத்தம். மூடி எகிறிக் கூரையில் பட்டு, முன்சீட்டுக்காரர் வழுக்கைமேல் விழுந்தது. அடுத்தது ‘டப்.’ பதம் போதாத பாகு பாட்டிலுக்குள்ளேயே புளித்துப் பொங்கிவிட்டது; அந்த வாசனை பஸ் முழுக்கப் பரவியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை பேர் உழைப்பும் நுரையாகப் புடவையில் வழிந்துகொண்டிருந்தது.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சினார், பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் சீட்டில் கிடந்த பழைய பேப்பரை எடுத்துத் துடைக்கக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அழாத தங்கச்சி. காலைலேர்ந்து மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்த வண்டி, இப்பதான் சிரிச்சிக்கினு போவுது!”

அண்ணாச்சியின் டம்ளர்

அதற்கப்புறம் பதம் தவறவே விடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் கம்பி இழுத்துப் பார்க்காமல் இறக்குவதில்லை. கோடை முடியப் போகிற சமயம் தி.நகரில் ஒரு பெரிய மளிகைக் கடைக்குப் போனேன். திருநெல்வேலிக்காரரான கடை முதலாளி அண்ணாச்சி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்து ஒரு சொட்டு விட்டார். கரையாமல் நேரே அடியில் போய் உட்கார்ந்தது. கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினார், கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்து, கல்லாவுக்கு நேர் எதிரே இருந்த தட்டில் பிஸ்கட் டின்களை ஒதுக்கச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. அண்ணாச்சி சொன்னார்: “எங்க ஊர்ல இத கூப்பனிம்போம். கடையில வைக்கதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு ஒரு பாட்டில எடுத்து வைம்மா, பொறவு கெடைக்காது!”

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள்

அண்ணாச்சி கடையிலேயே, பாகைத் தொட்டு ருசி பார்த்த ஒருவர் வம்புக்கு வந்தார். கே.கே. நகர்க்காரர், ஏதோ ஆபீசில் ஆடிட்டராம். “இவ்வளவு ருசியா இருந்தா நிச்சயம் சர்க்கரை கலந்திருக்கும்” என்றார். ரோஷத்தில், “ஞாயித்துக்கிழமை தோப்புக்கு வந்து நீங்களே பாருங்க சார்” என்று வழி சொல்லிவிட்டேன். இப்படியெல்லாம் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்றுதானே நாமெல்லாம் நினைப்போம்?

வந்தார். ஒரு வேன் நிறைய மச்சினர்கள், அண்ணிகள், குழந்தைகளோடு வந்தார். மாமனார் மரத்திலிருந்து பதநீர் இறக்கியதைப் பார்த்தார்கள். அடுப்பைச் சுற்றி நின்று நுரை எழுந்தபோதெல்லாம் கூச்சல் போட்டார்கள். அத்தை பக்கத்து அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டார். சுடச்சுடத் தோசை, அதன்மேல் சுடச்சுடப் பாகு. மாமனார் மரம் ஏறுவதை மறந்து பரிமாற ஆரம்பித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. திங்கட்கிழமை அண்ணாச்சி கடைக்குப் போக வேண்டிய பாகு என்று எனக்கு நினைவு வந்தபோது ஒரு குழந்தை கரண்டியை நக்கிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “இப்ப நம்பறேம்மா. இனிமே கலப்படம் பண்ணணும்னாகூட உங்ககிட்ட பாகு மிச்சம் இல்லையே!”

சுத்தமான பாகு என்று நிரூபிப்பதற்குள் பாத்திரம் சுத்தமாகிவிடும், இதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே சங்கடம்.