முனியப்பன் கோயிலில் மாட்டிய பூட்டு

என் பிள்ளைகளே, நீங்கள் சிறுசாக இருந்தபோது என் அரைஞாண் கயிற்றில் கொஞ்ச காலம் ஒரு சின்னச் சாவி தொங்கியது. வீட்டில் எந்தப் பெட்டிக்கும் அது சேரவில்லை. எதற்கென்று கேட்டீர்கள். அப்போது சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். முனியப்பன் நமக்குச் செய்ததை நீங்களும், அவரை நம்புகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. மழையும் தவறிவிட்டது. கச்சிராயபாளையத்தில் நமக்கு இருப்பது பங்குக் கிணறு. பாதி எனக்கு, பாதி உங்கள் பெரியப்பா கோவிந்தனுக்கு. மோட்டார் ஒன்றுதான். ஒரு நாளில் முதலில் இறைப்பவனுக்குத் தண்ணீர், பிந்தியவனுக்குச் சேறு. முறை பிரிப்பவரே முந்தியதை எடுத்துக்கொள்வார். அவர் பிரித்தால் அவர், நான் பிரித்தால் நான். அதில்தான் சண்டை வந்தது.

ஒரு நாள் என் முறைக்கு மோட்டார் போடப் போனேன். கரண்ட் பலகையில் மூன்று பீஸ் கட்டை இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் மோட்டார் ஓடாது. ஒன்றைக் காணோம். அண்ணன் பிடுங்கிப் போயிருந்தார். கோபத்தில் நானும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். புதுசு வாங்கிப் போட்டாலும் மற்றவர் பிடுங்குவார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கிணற்றில் தண்ணீர் சும்மா கிடந்தது. இரண்டு பேர் கரும்பும் காய்ந்தது.

"கரும்பு கருகிப்போச்சின்னா இந்தக் கட்டைய வேவெச்சித் துன்னலாமா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

ஊர்ப் பெரியவர்களிடம் போனேன். கூட்டம் கூட்ட ஆளில்லை. பாதிப் பேர் மறியலில், பாதிப் பேர் ஜெயிலில். "இது அடங்கட்டும், பார்க்கலாம்" என்றார்கள். கரும்பு அதுவரை தாங்காது. அண்ணன் அரிவாள் தீட்டுகிறார் என்று வேறு யாரோ சொன்னார்கள். சொந்த அண்ணனுக்குப் பயந்து நடக்க வேண்டியதாகிவிட்டது. அந்த வேதனை யாருக்கும் வரக்கூடாது.

ஏரிக்கரை முனியப்பன் கோயிலுக்குப் போனேன். வழக்கு உள்ளவர்கள் அங்கே சூலத்துக் கம்பியில் பூட்டு மாட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுபோவது வழக்கம். நானும் மாட்டினேன். "சாமி, எங்களை உட்கார வைத்துப் பேச ஆளில்லை. நீயே செய். முடிந்த அன்றைக்கு வந்து திறக்கிறேன்" என்று அழுதேன்.

சில நாளில் மறியல் ஓய்ந்து டவுன் பஸ் ஓடியது. கேஸ் போட்டுவிடலாம் என்று கள்ளக்குறிச்சிக்கு ஏறினேன். வக்கீலுக்குக் காட்ட பீஸ் கட்டையை மஞ்சள் பையில் வைத்திருந்தேன். முன் சீட்டில் அண்ணன். அவர் மடியிலும் ஒரு மஞ்சள் பை.

வடக்கனந்தல் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், மறியல் மறுபடி தொடங்கிவிட்டது. திரும்பலாம் என்றால் அதற்குள் பின்னாலும் ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள். எல்லோரும் இறங்கி அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தோம். அண்ணன் ஒரு கோடி, நான் ஒரு கோடி. நடுவில் அஞ்சலை அக்கா. எங்கள் இரண்டு பேர் கரும்புக் கொல்லையிலும் களை எடுக்கிறவர்.

"பெரியவரே, எங்க போய்க்கினு இருந்தீங்க?"

"வக்கீலாண்ட."

"சின்னவரே, நீங்க?"

"நானும் அங்கதான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீலா?"

ஒரே வக்கீல்தான். பஸ் ஜனம் சிரித்தது.

"பையில இன்னா?"

இரண்டு பேரும் எடுத்துக் காட்டினோம். "இன்னொண்ணு இருந்தா நம்ம பஸ்ஸையே கரண்ட்ல ஓட்டலாம்யா" என்றார் கண்டக்டர்.

அஞ்சலை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு கொல்லையும் காஞ்சா எங்களுக்கு வேலை ஏது? மல்லாட்டைக் கடலை பறிக்க வர்றப்போ நாங்க எப்பிடி கூறு போடறோம்? கூறு போடறவ மொதல்ல எடுக்க மாட்டா. மத்தவதான் எடுப்பா. அதனால ஒரு கை ஜாஸ்தியும் வராது, கம்மியும் வராது. பெரியவரு தண்ணிய கூறு போடட்டும். சின்னவரு எடுக்கட்டும்."

எதைக் குறைத்து வைத்தாலும் அது தனக்கே வந்து சேரும் என்று அண்ணனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ஒரு நாளு பூரா ஒருத்தன், மறுநாளு பூரா ஒருத்தன். ராவுல கெணறு ஊறிக்கும்" என்றார். "மொத நாளு வோணுமா, ரெண்டாநாளு வோணுமா, நீ எடுத்துக்கோடா."

அந்த 'டா'வைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"உன்னுது மேட்டுக்கொல்ல. ஜாஸ்தி காஞ்சிருக்கு. நாளிக்கு நீ எறச்சிக்கோண்ணே."

வெட்டிப்போட்ட மரங்களைத் தாண்டித் தாண்டி இரண்டு பேரும் ஒன்றாகவே ஊருக்கு நடந்தோம். நேரே மோட்டார் கொட்டகைக்குப் போனோம். அவர் கட்டையை அவர் சொருகினார், என்னுடையதை நான் சொருகினேன். மறுநாள் காலையில் மோட்டார் ஓடுகிற சத்தம் நம் வீடுவரை கேட்டது. அடுத்தவர் கொல்லைக்குத்தான் தண்ணீர் பாய்ந்தது. ஆனாலும் அன்றுதான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இன்றுவரை அந்த முறைதான். அதற்குப் பிறகு எந்தத் தகராறு என்றாலும் நான் கோபமாகக் கிளம்புவதில்லை, எதிராளியோடு உட்கார்ந்து பேசுகிறேன். நான் வக்கீல் வீட்டுக்குக் கிளம்பினேன். சாமி என்னைப் புளியமரத்தில் உட்கார வைத்தார். மரத்தை வெட்டியவர்களுக்கு நம் கிணறு தெரியாது. முனியப்பனுக்குத் தெரியும். உங்களுக்குள்ளும் ஒரு நாள் பிணக்கு வரலாம். அப்போது அவரிடம் சொல்லுங்கள். அவர் யார் வாயால் பேசினாலும் காது கொடுங்கள்.

கரும்பு தலை நிமிர்ந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் தனியாகக் கோயிலுக்குப் போனேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. விளக்கு எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துத் திருப்பினேன். திறந்துகொண்டது. பூட்டை அங்கேயே தொங்கவிட்டு, சாவியை முனியப்பன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.