பவித்ராவின் கம்ப்யூட்டருக்கு மூன்று நடை

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு ஸ்க்ரூடிரைவரைவிடப் பொறுமைதான் முக்கியம். எனக்கு அது கொஞ்சம் கம்மி. பெரிய காஞ்சிபுரத்தில் கடை, வீடு வீடாகப் போய் வருகிற வேலை. "பசங்க கைக்கு எட்டாம லாக் போட்டுக் குடும்மா" என்று போன் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிற என் இனமே, நீங்களும் பட்டிருப்பீர்கள். இது ஐயம்பேட்டையில் ஒரே வீட்டில் நான் பட்ட பாடு.

ஊரறிந்த பாஸ்வேர்டு

தணிகாசலம் அண்ணன் பட்டு நெய்கிறவர். புடவையில் போடுகிற பூ, மாங்காய் மாதிரி புட்டா டிசைன் வரையக் கம்ப்யூட்டர் வாங்கினார். மூணாவது படிக்கிற மகள் பவித்ரா அதில் கேம் ஆடுவாள். ஒருநாள் கேமில் கூட ஆடின முகம் தெரியாத ஆள், "எந்த ஸ்கூல், எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறான். அதைப் பார்த்த அம்மா மல்லிகா, பிள்ளையை நாலு திட்டுத் திட்டிவிட்டு எனக்குப் போன் போட்டாள். குரலே நடுங்கியது. உடனே வண்டியை எடுத்தேன்.

அந்த ஆளை பிளாக் பண்ணினேன். பெரியவர்கள் திறந்துவிட்டால்தான் கேம் வரும்படி வைத்து, "பாஸ்வேர்டு என்ன போடட்டும்ணா?" என்றேன். தறிச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகின மனுஷர். நெசவை நிறுத்தாமலே, எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தலையில் அடித்துக்கொண்டேன். எதிர்வீட்டம்மா வாசலிலிருந்தே கேட்டாள்: "நடுவுல ஒரு எழுத்து சரியா கேக்கலப்பா, இன்னொரு வாட்டி சொல்லேன்!"

தறி நின்றால் பாடம்

பாஸ்வேர்டை மாற்றி மல்லிகா காதில் மட்டும் ஓதிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் மறுபடி அவளிடமிருந்து போன். "வெளையாடச் சொல்லித்தான் தொறந்து வுடறேன். எப்ப எட்டிப் பார்த்தாலும் பாடம் படிச்சிக்கினு இருக்குது. எனக்கு பயமா இருக்குதும்மா!" நியாயமான பயம்தான். என் பிள்ளை இப்படிப் படித்தால் நானும் பயப்படுவேன்.

போய்ப் பார்த்தேன். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் ரெண்டு பேர் உட்காரணும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்தால் சட்டென்று எழுந்திருக்க முடியாது. படிக்கிற பிள்ளை கிழக்கே பார்க்கணும் என்று மேஜையைப் போட்டதில், அவர்களுக்குத் தெரிவது கம்ப்யூட்டரின் முதுகு மட்டும். மல்லிகாவை மட்டும் தறியைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, அண்ணனைப் பூனை மாதிரி நடந்து வரச் சொன்னேன். கேம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றால்தான் பாடத்துக்குத் தாவுவாளாம், கில்லாடி! அண்ணன் முறைக்க, அவள் பதறாமல் சொன்னாள்: "நீங்க நல்லா நெய்யறீங்களான்னு கேட்டுக்கினேதான்பா ஆடினேன்!"

சத்தியம்

"ஏண்டி மறைக்கிறே?" என்றேன். "அன்னிக்கு அவன் கேட்டதுக்கு அம்மா என்னைத்தானே திட்டுச்சு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நானும் பூட்டைப் பற்றியே யோசித்திருந்தேனே! திசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, தறியிலிருந்து திரை தெரியும்படி மேஜையைத் திருப்பிப் போட்டோம். மல்லிகா மகள் தலையில் கை வைத்தாள். "யாரு என்னா கேட்டாலும் எங்கிட்ட வந்து சொல்லு. அம்மன் சத்தியமா திட்ட மாட்டேன்."

பத்து நாள் கழித்து, பிரிண்டருக்கு மை மாற்ற அங்கே போயிருந்தேன். வேறொருவன் கேமில் வந்து, "உன் போட்டோ அனுப்பு, வீட்டில் சொல்லாதே" என்று எழுதினான். பவித்ரா ஒரு எழுத்தும் தட்டவில்லை. நேரே ஓடி, அம்மா கையைப் பிடித்துத் தறியை நிறுத்திச் சொல்லிவிட்டாள். மல்லிகாவுக்கு முகம் சிவந்தது. திட்ட வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "என் கண்ணு, சொன்னியே!" என்று பிள்ளையை வாரி மடியில் போட்டு முத்தமாகக் கொடுத்தாள். அந்த ஆள் எழுதியதைப் படமெடுத்து, கேம் கம்பெனிக்குப் புகார் அனுப்பி, அவனை பிளாக் பண்ணுவதற்குள் எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்! மடியை விட்டு இறங்காமலே, சமயம் பார்த்துப் பவித்ரா கேட்டாள்: "யம்மா, திட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணியே, அப்போ கணக்குப் பரீட்சை மார்க்கையும் இப்பவே சொல்லிடட்டா?"

ஆக மக்களே, கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட எனக்குப் பத்து நிமிஷம் போதும். பெற்றவர்கள் வாய்க்குப் போடத்தான் மூன்று நடை ஆகிறது.