சிவப்புப் பேனா அக்கா

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்தும் அக்காவின் சிவப்புப் பேனாவுக்கு மறுபேச்சே கிடையாது. அச்சடிப்பவர் அவருடைய வீட்டுக்காரர்தான். அக்கா திருத்தியதை அப்படியே கணினியில் மாற்றி அடித்துவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் பழக்கம் அந்த மனிதருக்கு இல்லை.

தேர்தலுக்கு நான்கு மாதம் இருந்தபோது எம்.எல்.ஏ.வின் சாதனை நோட்டீஸ் வந்தது. மொத்தம் ஏழு வரி. ‘பேருந்து நிலையத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டினேன்’ என்பது முதல் வரி. தினமும் அங்கே இறங்கி, ஒதுங்க இடமில்லாமல் அச்சகம் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பவர் அக்கா. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வரியிலும் ‘கட்டினேன்’, ‘போட்டேன்’ எல்லாவற்றையும் அடித்து, ‘கட்டவில்லை’, ‘போடவில்லை’ என்று ஆத்திரம் தீர எழுதிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வருவதற்குள் ஐயாயிரம் நோட்டீஸ் அச்சாகிப் போயிருந்தது. வாங்கிப் போன கட்சிக்காரர்களும் படிக்கவில்லை. வீடு வீடாகக் கொடுத்துவிட்டார்கள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் காலை எம்.எல்.ஏ.வே நேரில் வந்து கத்தினார். “யாரும்மா இதைத் திருத்தினது?”

வீட்டுக்காரர் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

“நான்தான் சார். தப்பா இருந்துச்சு.”

“உடனே மாத்தி அடிச்சுக் குடு!”

“முதல்ல கட்டுங்க சார். பார்த்துட்டு அடிக்கிறேன்.”

இரண்டே மாதத்தில் கழிப்பறை எழுந்தது. அக்காதான் முதல் ஆளாகப் போனார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். சிரித்த முகமாக வந்து, அச்சகச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் முதல் வரியை மட்டும் திருத்தினார்.

மற்ற ஆறு வரியும் அப்படியே இருக்கின்றன. பேனாவை அக்கா இன்னும் மூடவில்லை.