குட்டி நாய்க்கும் ஊசி உண்டு

ஒரு மத்தியானம் தெய்வானை போன் செய்தாள்.

"சிஸ்டர், எங்கூட்டுக்காரருக்குத் தண்ணி எறங்க மாட்டேங்குது. டம்ளரப் பாத்தாலே ஒதறுறாருங்க."

உடனே கேட்டேன். "அம்மிணி, நாய் ஏதாச்சும் கடிச்சுதா?"

"ரெண்டு மாசம் முன்னால எங்கூட்டு நாய்க்குட்டி அவரு கையக் கவ்வுச்சுங்க. அதே வாரம் அது செத்தும் போச்சு. ஆனா குட்டிதானுங்களே?"

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு சுகாதார சப்சென்டரில் அப்போது நான் நர்ஸ். தெய்வானையின் கணவர் பழனிச்சாமி தென்னந்தோப்புக்காரர், நாற்பத்திரண்டு வயது. ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தேன். மூன்றாம் நாள் இறந்துபோனார். வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் டாக்டர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டாருக்கும் தடுப்பூசி போட வேண்டியிருந்ததால் மறுநாளே போனேன். தெய்வானை என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"சோப்புப் போட்டுக் கழுவுனாப் போதும்னு நீங்கதானே வாட்ஸ்அப்புல சொன்னீங்க? அப்படியேதான் கழுவுனோம்."

"ஊசியும் போடோணும்னு சொன்னேனே!"

"இல்லீங்க சிஸ்டர். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் கேட்டோம்."

ஏரியா குரூப்பில் நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அவள் போனில் இன்னும் இருந்தது. போட்டாள்.

"நாய் கடிச்சா உடனே சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவுங்க. குட்டியா இருந்தாலும், ஊட்டு நாயா இருந்தாலும், ஊசி போடோணும். சென்டருக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க."

அதற்குக் கீழே அவள் அன்றே பதிலாகப் போட்ட கும்பிடு எமோஜி இருந்தது. மூன்று முறை போட்டுக் கேட்டாள். "இதை நான் கேக்கவே இல்லீங்க. இப்பத்தான் கேக்கறேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். குட்டிக்கு விஷமில்லை என்று நம்பி வளர்ந்தவள் அவள். பொய் சொல்லவில்லை.

நானும்தான் பொய் சொல்லவில்லை. முந்தின நாள் மெடிக்கல் ஆபீசரிடம், "கடிச்ச அன்னிக்கே வரோணும், நாலு ஊசியும் போடோணும்னு கண்டிப்பாச் சொல்லியிருக்கேன் சார்" என்றிருந்தேன். அந்த வாய்ஸில் 'அன்னிக்கே' இல்லை, 'நாலு' இல்லை. காப்பி குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி 'ஒருக்கா வந்துட்டுப் போங்க'. கறாரான நர்ஸ் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. ஞாபகமும் அதற்கேற்ற மாதிரி அமைந்துவிட்டது. ஆபீசரிடம் போய்த் திருத்திச் சொன்னேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். சொன்னதோடு எழுந்து வராதீர்கள். கேட்டவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அந்த மாதமே தோப்பு வேலைக்குப் போகும் பெண்களை உட்காரவைத்து, இந்தத் தடவை கண்டிப்பாகவே எல்லாம் சொல்லிவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க" என்றேன். சோப்பை எல்லாரும் சொன்னார்கள். பாதிப்பேர் ஊசியைச் சொன்னார்கள். குட்டியை ஒருத்தி கூடச் சொல்லவில்லை. அதில் இரண்டு பேர் பழனிச்சாமி தோப்பிலேயே வேலை செய்தவர்கள்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.