நனையாத அரிசி

வங்காளத்துக் காட்வாவில் ஹால்தார் வீட்டுச் சமையல் இருபத்திரண்டு வருடமாக லதிகா மாஜியின் கையில் இருந்தது. புருஷன் விட்டுப்போனது, மகளைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அந்த அடுப்புக்கு முன்னால் நின்றபடியேதான். போன குளிர்காலத்தில் நெஞ்சு வலித்தது. அரசு ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் கொழுப்பு என்று சொல்லி இரவுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதிலிருந்து வாய் காய்ந்துபோனது. நாக்கு மேலண்ணத்தில் பழைய சுவரொட்டி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பொரியைக்கூட டீயில் நனைத்துத்தான் விழுங்குவாள். வீட்டு எஜமான் பிரமத் பாபுவுக்கும் அதே மாத்திரை, அதே வறட்சி. அவர் தினமும் புலம்புவார். இவள் மூச்சு விடவில்லை. நோயாளி என்று தெரிந்தால் அடுப்படியில் வேறு ஆள் வந்துவிடும்.

மருமகளின் தங்கத் தோடு காணாமல் போன மூன்றாம் நாள், எஜமானி ரேபா மந்திரவாதியை வரவழைத்தாள். வேலைக்காரர்களை முற்றத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு பிடி மந்திரித்த பச்சரிசி கொடுத்தார்கள். மென்று இலையில் துப்ப வேண்டும். திருடிய வாயில் எச்சில் ஊறாது என்பது கணக்கு.

"யாருக்கும் மனக்குறை வேண்டாம், நானே முதல்ல மெல்றேன்" என்று பிரமத் பாபு உட்கார்ந்தார். துப்பியது மாவாகச் சிதறியது.

"அப்போ தோட்டை எங்க வித்தீங்க?" என்றாள் ரேபா. முற்றமே சிரித்தது. "மாத்திரை போடுற மனுஷன், பாவம். அடுத்த ஆளைப் பாருங்க."

டிரைவர் நிமாய் துப்பினான், கூழ். துணி துவைக்கும் தூலி துப்பினாள், கூழ். லதிகா மென்றாள். அரிசி பல்லிடுக்கில் மணலாக நொறுங்கியது. தாடை வலித்ததே தவிர ஒரு சொட்டு ஊறவில்லை. அவள் துப்பியதை மந்திரவாதி குனிந்து ஊதினான். பறந்தது.

"பௌதி," என்று எஜமானியிடம் திரும்பினாள் லதிகா, "நானும் அந்த மாத்திரைதான் போடுறேன். பாபு போடுறதேதான்."

"நெய்யும் மீன்தலையும் தின்னா வர்ற வியாதி அது. உனக்கு எங்கேயிருந்துடி வந்துச்சு?"

"தட்டுல மிச்சம் வச்ச தலையெல்லாம் லதிகா மாசிதானே தின்னுது" என்றான் நிமாய். மறுபடி சிரிப்பு.

லதிகா முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை நீட்டினாள். ரேபா பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அவரோட மாத்திரையேதான். இதையும் எடுத்திருக்கா பாருங்க."

"பாபு, நீங்க படிங்க. பின்னால ஆஸ்பத்திரி முத்திரை இருக்கு."

பிரமத் பாபு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் திருப்பினார். அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று சிவப்பில் இருந்தது. அவர் உதடுகள் அதை இரண்டு முறை படித்ததை லதிகா பார்த்தாள். அவர் வாய் திறந்தால் அவள் பிழைத்தாள். ஆனால் அவள் பிழைத்தால், அடுத்த பிடி அரிசி மாடிப்படியில் நகம் கடித்து நின்ற அவர் மகனுக்குப் போகும். அவர் ஒருமுறை படியை அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணும் தெரியல, மங்கலா இருக்கு" என்றார். அட்டை அவர் சட்டைப்பைக்குள் போனது. தொண்டையைச் செருமினார். "லதிகா, தண்ணி கொண்டா."

பழக்கத்தில் எழுந்துவிட்டாள்.

"நீ உள்ள போகாதே" என்றாள் ரேபா. "தூலி, பாபுவுக்கு நீ கொண்டா. இனிமே நீதான் கொண்டு வரணும்."